மெய்யியலும் அன்றாட முடிவுகளும்: மியூனிக் நகரம் தரும் சான்றுகள்

மெய்யியலால் அன்றாட வாழ்க்கைக்கு என்ன பயன் என்னும் கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. துன்பம் வரும்போது அது மனத்துக்கு ஆறுதல் தரும் என்பது ஒன்று. அது தருக்கத் திறனைக் கூர்மையாக்கி, தொழிலிலும் பொதுவாழ்விலும் முன்னேற உதவும் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் ஆறுதலை இசையும் வழிபாடும் நட்பும் தருகின்றன. தருக்கத் திறனைக் கணிதமும் சட்டப் படிப்பும் வளர்க்கின்றன. பிற துறைகளால் தர இயலாத, மெய்யியலுக்கே உரிய பயன் ஒன்று உண்டா என்பதே ஆராயத்தக்கது. உண்டு என்பதும், தன் வசதிக்காகவோ அச்சத்தாலோ எடுக்கத் துணியும் முடிவை ஒருவர் தாமே நிறுத்தி விசாரிக்கும் பழக்கமே அப்பயன் என்பதும் இக்கட்டுரையின் முடிபு. இப்பழக்கம் எவ்வாறு உருவாகிறது, எங்கே பலிக்கிறது, எங்கே தோற்கிறது என்பனவற்றை அறிய, ஜெர்மனியின் பவேரிய மாநிலத் தலைநகரான மியூனிக்கின் 20ஆம் நூற்றாண்டு வரலாறு தெளிவான சான்றுகளைத் தருகிறது. நாஜிக் கட்சி பிறந்து வளர்ந்த ஊரும், அக்கட்சியின் ஆட்சியை எதிர்த்து ஒரு மெய்யியல் பேராசிரியர் உயிர் கொடுத்த ஊரும் அதுவே.

கோட்பாடும் பயிற்சியும்

மெய்யியல் என்றதும் நூலகத்தில் உறையும் கோட்பாடுகளின் தொகுதி ஒன்றே இன்று பலருக்கும் நினைவுக்கு வருகிறது. பண்டைய உலகம் அதனை அவ்வாறு மட்டும் கருதவில்லை. பிரெஞ்சு அறிஞர் பியேர் ஹாடோ 1981இல் வெளியிட்ட ஆய்வு நூலில், கிரேக்க, ரோமானிய மெய்யியல் மரபுகள் முதன்மையாக வாழ்க்கைப் பயிற்சிகளாகவே விளங்கின என்று நிறுவினார். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் எழுதிவைத்த குறிப்புகள் பிறருக்குப் போதிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. சினம், புகழாசை, சோம்பல் ஆகியவற்றைத் தம்மிடமே கண்டு திருத்திக்கொள்வதற்காக அவர் மேற்கொண்ட பயிற்சியின் பதிவுகள் அவை.

தமிழ் மரபிலும் இந்தப் பார்வை புதிதன்று. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல் என அடுத்தடுத்து வரும் அதிகாரங்கள், ஒரு செயலில் இறங்குமுன் எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை வரிசைப்படுத்துகின்றன. மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கர்களின் வாதங்களைக் கேட்டு எடைபோடும் அதே பெண், அதற்கு முன்பே சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தவளாகக் காட்டப்படுகிறாள். அறிவு வாதமும் அறச் செயலும் ஒரே வாழ்க்கையின் இரு கூறுகளாக அங்கே நிற்கின்றன.

வெபரின் விடை: தெளிவு

இக்கேள்வி நவீன காலத்தில் நேருக்கு நேர் எழுப்பப்பட்ட இடங்களுள் ஒன்று, மியூனிக்கின் ஷ்வாபிங் பகுதியிலிருந்த ஸ்டைனிக்கே என்னும் கலைக்கூடம். முதல் உலகப் போர் நான்காம் ஆண்டில் நுழைந்திருந்த நிலையில், 1917 நவம்பர் 7 அன்று, மாணவர் அமைப்பு ஒன்றின் அழைப்பை ஏற்றுச் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபர் அங்கே அறிவியலைத் தொழிலாகக் கொள்வது பற்றி உரையாற்றினார். எவ்வாறு வாழ வேண்டும் என்று வழிகாட்டும் தலைவரை எதிர்பார்த்திருந்த இளைஞர்களுக்கு, பேராசிரியரின் மேடை அதற்கான இடமில்லை என்று அவர் கூறினார். அப்படியானால் அறிவுத்துறை எதைத் தரும்? வாழ்க்கைக்குத் தேவையான தொழில்நுட்ப அறிவையும், சிந்திக்கும் முறைகளையும் தரும். மூன்றாவதாகத் தெளிவைத் தரும் என்பது அவரது விடை. குறிப்பிட்ட இலக்கை ஒருவர் விரும்பினால் எந்த வழிகளைத் தவிர்க்க இயலாமல் ஏற்க வேண்டியிருக்கும், எந்தப் பக்கவிளைவுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கும், அந்த நிலைப்பாடு எந்த அடிப்படை மதிப்பிலிருந்து பிறக்கிறது என்பனவற்றை மறைவின்றிக் காட்டுவதே அத்தெளிவு. நல்லாசிரியரின் முதற்பணி, மாணவருடைய கட்சி நிலைப்பாட்டுக்கு வசதியற்ற உண்மைகளை அவரே ஒப்புக்கொள்ளப் பழக்குவது என்றும் அவர் வற்புறுத்தினார்.

இத்தெளிவின் பயனை ஓர் எளிய சூழலில் காணலாம். வயது முதிர்ந்த தாயை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டு வேலையை ஏற்க எண்ணும் ஒருவர், எல்லாம் தாயின் மருத்துவச் செலவுக்காகத்தான் என்று தம்மையே தேற்றிக்கொள்வது இயல்பு. அவர் போக வேண்டுமா, இருக்க வேண்டுமா என்பதை மெய்யியல் முடிவு செய்யாது. ஆனால் அந்தத் தேற்றத்துக்குள் எவ்வளவு கடமை, எவ்வளவு ஆசை, தாயின் தனிமை என்னும் விலையை உண்மையில் யார் கொடுக்கிறார் என்று பிரித்துக் கேட்க அது பழக்கும். அவ்வாறு கேட்டபின் அவர் போகலாம். போனாலும் பொய்க் காரணத்தோடு போகமாட்டார். அனுப்பும் பணம் மட்டுமே கடமையை நிறைவு செய்துவிடும் என்று நம்பவும் மாட்டார். ஆக்கத்தையும் அழிவையும் சேர்த்தே எண்ணச் சொல்லும் குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரமும் வெபரின் உரையும் இவ்விடத்தில் சந்திக்கின்றன.

1919 ஜனவரி 28 அன்று அதே கூடத்தில் அரசியலைத் தொழிலாகக் கொள்வது பற்றி வெபர் ஆற்றிய உரையில், கொள்கைவழி அறம், பொறுப்புவழி அறம் என்னும் புகழ்பெற்ற வேறுபாட்டை முன்வைத்தார். நோக்கம் தூயதாக இருந்தால் போதும், விளைவு தம்மைச் சேராது என்று கருதுவது முன்னது; முன்னறியத்தக்க விளைவுகளுக்குத் தாமே விடைசொல்ல வேண்டும் என்பது பின்னது. இவை இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்ய வேண்டியவை என்றே அவர் முடித்தார். அப்போது பவேரியா புரட்சிக் கொந்தளிப்பில் இருந்தது. அடுத்த பிப்ரவரி 21 அன்று மாநிலப் பிரதமர் குர்ட் ஐஸ்னர் அந்நகரின் தெருவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வெபரின் கேள்விகள் அன்றைய மியூனிக்வாசிகளுக்கு உயிர்ப்பிரச்சினைகளாகவே இருந்தன.

சந்து வழியும் உண்டியலும்

நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933க்குப் பின் அந்த நகரில் அறக்கேள்வி தெருமுனைக்கே வந்தது. ஹிட்லரின் 1923 கலகத்தில் இறந்த கட்சியினருக்காக, ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே என்னும் மண்டபத்தின் பக்கவாட்டில் நினைவுச்சின்னம் அமைக்கப்பட்டு, காவலர்கள் நிறுத்தப்பட்டனர். அதைக் கடந்து செல்லும் ஒவ்வொருவரும் கையை உயர்த்தி நாஜி வணக்கம் செலுத்த வேண்டியிருந்தது. அதனைச் செய்ய மனமில்லாத சிலர், மண்டபத்துக்குப் பின்புறமுள்ள விஸ்கார்டிகாஸே என்னும் குறுகிய சந்தின் வழியாகச் சுற்றிப் போயினர். நழுவுவோர் சந்து என்று ஊரார் அதற்குப் பெயரிட்டனர். இன்று அச்சந்தின் கல்தளத்தில், நடந்தவர்களின் தடத்தைக் குறிக்கும் வகையில் வெண்கலப் பட்டை ஒன்று வளைந்து பதிக்கப்பட்டுள்ளது. சிற்பி புரூனோ வாங்க் 1995இல் அமைத்தது அது.

சந்து வழியே போனவர்கள் ஆட்சியைக் கவிழ்க்கவில்லை. கையை உயர்த்துவதில் என்ன வந்துவிடப் போகிறது, எல்லாரும் செய்கிறார்களே என்ற சமாதானத்தை மட்டும் அவர்கள் ஏற்கவில்லை. அறம் சார்ந்த முடிவுகள் பெரும்பாலும் இவ்வாறு சிறு உருவிலேயே வருகின்றன. அவை முடிவுகள் என்பதே பலருக்குப் புலப்படுவதில்லை. புலப்படச் செய்வது மெய்யியலின் முதல் தொண்டு.

இதனை நன்கறிந்தவர்கள் நாஜி ஆட்சியை எதிர்த்த வெள்ளை ரோஜா இயக்கத்தினர். மியூனிக் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்களான ஹான்ஸ் ஷோலும் அலெக்சாண்டர் ஷ்மோரெலும் 1942 ஜூன் இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை நான்கு துண்டறிக்கைகளை எழுதி, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 100 படிகள் எடுத்து அஞ்சலில் அனுப்பினர். போலந்தில் யூதர்கள் பெருந்தொகையில் கொல்லப்படுவதை இரண்டாம் அறிக்கை வெளிப்படையாகக் கண்டித்தது. மூன்றாம் அறிக்கையின் அமைப்பு இவ்வாய்வுக்கு இன்னும் நெருக்கமானது. அதில் கொடுங்கோன்மை பற்றி அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலில் கூறியது எடுத்துக்காட்டப்படுகிறது. அதே தாளில், தெருவில் நன்கொடை திரட்டுவோருக்குக் காசு போடாதீர்கள், உலோகமும் துணியும் சேகரிக்க வருவோருக்கு எதையும் கொடுக்காதீர்கள் என்ற அறிவுரையும் இடம்பெறுகிறது. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமையுடைய அரசியல் மெய்யியலும் தெருவோர உண்டியலும் ஒரே தாளில் வருவது தற்செயலன்று. ஆட்சி நிலைப்பது கோடிக்கணக்கான சிறு ஒத்துழைப்புகளால் என்பதைக் கோட்பாடு உணர்த்தியது; அந்த ஒத்துழைப்பில் தம் பங்கு எது என்று வாசகர் தேடவேண்டிய இடத்தை உண்டியல் சுட்டியது.

குர்ட் ஹூபரின் விசாரணை

இவ்வியக்கத்தில் சேர்ந்த ஒரே பேராசிரியர் குர்ட் ஹூபர். 1893இல் பிறந்து, மெய்யியலும் இசையியலும் கற்பித்து, பவேரிய நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தவர். இளமையில் வந்த நோயால் நடையிலும் பேச்சிலும் குறைபாடு உடையவர். குறைந்த ஊதியத்தில் மனைவியையும் இரு குழந்தைகளையும் காத்துவந்தவர். ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ் பற்றிய அவருடைய விரிவுரைகளுக்குப் பிற துறை மாணவர்களும் திரண்டு வந்தனர். ஹான்ஸ் ஷோலும், 1942 மே மாதம் உயிரியலும் மெய்யியலும் படிக்கச் சேர்ந்த அவர் தங்கை சோஃபி ஷோலும் அவர்களுள் அடங்குவர். ஜெர்மன் படையின் ஸ்டாலின்கிராட் தோல்விக்குப் பின் 1943 பிப்ரவரியில் மாணவர்களை விளித்து வெளியான ஆறாம் துண்டறிக்கையை ஹூபரே எழுதினார். பிப்ரவரி 18 அன்று பல்கலைக்கழக முற்றத்தில் அதனைப் பரப்பியபோது ஷோல் உடன்பிறப்புகள் பிடிபட்டனர். நான்கே நாள்களில், இயக்கத் தோழர் கிறிஸ்டோஃப் புரோப்ஸ்டும் அவர்களும் ஸ்டாடெல்ஹைம் சிறையில் கொல்லப்பட்டனர். ஹூபர் அம்மாத இறுதியில் கைதானார்.

ஏப்ரல் 19 அன்று மக்கள் நீதிமன்றம் எனப்பட்ட நாஜி நீதிமன்றத்தில் அவர் விசாரிக்கப்பட்டார். தற்காப்புரைக்காக அவர் எழுதிவைத்த குறிப்புகளில், மெய்யியலாளர் இம்மானுவேல் காண்டின் கட்டளையை அளவுகோலாகக் கொண்டு தம் செயலைச் சோதித்துப் பார்த்ததாகக் கூறுகிறார். தன் செயலுக்கு அடிப்படையான நெறி எல்லாருக்கும் பொதுவான சட்டமானால் அதனை ஒருவர் விரும்ப இயலுமா என்று கேட்டு, இயலும் எனில் மட்டுமே செய்ய வேண்டும் என்பது அக்கட்டளையின் சாரம். ஹூபர் கண்ட விடை: தம் நெறி பொதுச் சட்டமானால் ஒழுங்கும், பாதுகாப்பும், அரசின்மீதான நம்பிக்கையும் மீளும், மனிதருக்கு மனிதர் கொள்ளும் நம்பிக்கையும் திரும்பும். சட்டத்துக்குக் கட்டுப்படுதல் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு, கோழைத்தனத்தை மறைக்கும் போர்வையாக அது மாறும்போது பொய்யாகவும் அறமற்றதாகவும் ஆகிறது என்றும் அவர் வாதிட்டார். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பல்கலைக்கழகம் அவருடைய பட்டத்தைப் பறித்தது. சிறையில் லைப்னிட்ஸ் பற்றிய நூலைத் தொடர்ந்து எழுதிவந்த ஹூபர், ஜூலை 13 அன்று ஷ்மோரெலுடன் கொல்லப்பட்டார். ஹூபரின் குடும்பத்துக்காகப் பணம் திரட்டிய வேதியியல் மாணவர் ஹான்ஸ் லைப்பெல்ட்டும் 1945 ஜனவரி 29 அன்று அதே சிறையில் கொல்லப்பட்டார்.

இங்கே மெய்யியல் தந்த பயன் என்ன? அது ஹூபரின் உயிரைக் காக்கவில்லை, போரை நிறுத்தவுமில்லை. தம்மைச் சூழ்ந்தோர் அனைவரும் குற்றம் என்று அழைத்ததைக் கடமை என்று கண்டறிவதற்குரிய அளவுகோலை அது தந்தது. ஊரின் கருத்தையோ மேலதிகாரியின் ஆணையையோ சாராத அளவுகோல் கையில் இல்லாதவருக்கு, ஊரும் அதிகாரியும் ஒருசேரத் தவறும் நாளில் பற்றிக்கொள்ள எதுவும் இராது.

தனிச் சிந்தனைக்குத் துணை வேண்டும்

ஷோல் உடன்பிறப்புகள் தனியே சிந்தித்து இம்முடிவுக்கு வந்தவர்கள் அல்லர். 1941இல் தடைசெய்யப்பட்ட ‘ஹோக்லாண்ட்’ என்னும் கத்தோலிக்க இதழின் ஆசிரியர் கார்ல் மூட்டின் வீட்டு நூலகத்தை ஒழுங்குபடுத்தும் பணியில் ஹான்ஸ் ஈடுபட்டார். சமயச் சிந்தனையாளர்களான கியர்கெகாரையும் நியூமனையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்த தியோடர் ஹேக்கர், பொதுமேடையில் பேசத் தடை இருந்தும், இம்மாணவர்களின் சிறு கூட்டங்களில் தம் எழுத்தை வாசித்துக் காட்டினார். சோஃபி அகஸ்டீனின் நூல்களை ஆழ்ந்து படித்தார். மான்ஃபிரெட் ஐக்கெமையர் என்னும் கட்டடக் கலைஞரின் பணிக்கூடத்தில் அவர்கள் கூடிப் பேசினர். போலந்தில் நடந்த படுகொலைகள் பற்றிய செய்தி அவர்மூலமே அவர்களை எட்டியது. பழைய நூல்களும் புதிய உண்மைகளும் ஒரே மேசைக்கு வந்ததாலேயே வாசிப்பு செயலாயிற்று. வெபர் கூறிய வசதியற்ற உண்மைகளைத் தனியே எதிர்கொள்வது கடினம். நண்பர் கேட்கும் கேள்வி, தாமே தமக்குச் சொல்லிக்கொண்ட சமாதானத்தை உடைக்கிறது.

எதிர்ச்சான்றுகள்

இவ்வளவில் முடித்தால் ஆய்வு ஒருபக்கச் சார்புடையதாகிவிடும். மார்ட்டின் ஹைடெகர் அந்நூற்றாண்டின் செல்வாக்கு மிக்க மெய்யியலாளர்களுள் ஒருவர். 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து, ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். ஹூபரும் 1940இல் அக்கட்சியின் உறுப்பினரானவரே. அவர் எழுதிய ஆறாம் அறிக்கையின் வரைவில் ஜெர்மன் இராணுவத்தைப் போற்றிய வாக்கியத்தை மாணவர்கள் ஏற்காததால் அது நீக்கப்பட்டது. ஆசிரியர் காணத் தவறியதை மாணவர்கள் கண்டனர்.

இவற்றினும் கடுமையான சான்று அடால்ஃப் ஐக்மனுடையது. யூதர்களை மரண முகாம்களுக்கு அனுப்பும் பணியை ஒருங்கிணைத்த அவர், 1961இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் தாம் வாழ்நாளெல்லாம் காண்டின் அறநெறிப்படி நடந்ததாகக் கூறி, அதன் வரையறையையும் ஏறத்தாழச் சரியாகவே சொன்னார். அவ்விசாரணையைப் பதிவுசெய்த அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட், ஐக்மன் அந்நெறியை எவ்வாறு திரித்துக்கொண்டார் என்பதை விளக்க, ஹான்ஸ் ஃபிராங்க் வகுத்த வாய்பாட்டை எடுத்துக்காட்டினார். நாஜி ஆட்சியின் தொடக்கத்தில் மியூனிக்கில் பவேரிய நீதியமைச்சராக இருந்தவர் ஃபிராங்க். தலைவர் அறிந்தால் ஒப்புக்கொள்ளும் வகையில் நடந்துகொள் என்பதே அவர் செய்த மாற்றம். ஹூபரும் ஐக்மனும் ஒரே மெய்யியலாளரின் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் அக்கட்டளையைத் தம்மை நோக்கிய கேள்வியாக வைத்துக்கொண்டார். மற்றவர் கேள்வி கேட்கும் இடத்தில் தலைவரை அமர்த்திவிட்டு, விடையை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொண்டார். மெய்யியல் கல்வி நல்லோரை உருவாக்கும் என்று உறுதி கூற இயலாது என்பதையும், கோட்பாட்டை அறிதல் வேறு, அதைக் கொண்டு தம்மைச் சோதித்தல் வேறு என்பதையும் இச்சான்றுகள் ஐயமற நிறுவுகின்றன.

நிறுவனமான அறம்

போருக்குப் பின் பவேரியா இப்பாடத்தைச் சட்டமாக்க முயன்றது. 1946 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மாநில அரசமைப்பின் முகப்புரை, மனச்சான்றும் மனித மாண்பின்மீதான மதிப்பும் இல்லாத ஆட்சிமுறை கொண்டுவிட்ட இடிபாடுகளை நினைவூட்டியே தொடங்குகிறது. பள்ளிகள் அறிவையும் திறனையும் வழங்குவதோடு உள்ளத்தையும் பண்பையும் உருவாக்க வேண்டும் என்கிறது 131ஆம் உறுப்பு. சமயப் பாடத்தில் சேராத மாணவருக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அறநெறிகள் கற்பிக்கப்பட வேண்டும் என்கிறது 137ஆம் உறுப்பு. அதன் வழியே 1970களில் அறவியல் தனிப்பாடமாகப் பள்ளிகளில் வேரூன்றியது. 1896இல் தோன்றிய மியூனிக் மக்கள் உயர்கல்விக் கழகம் இன்றும் வேலைக்குச் செல்வோருக்கு மெய்யியல் வகுப்புகளை நடத்துகிறது. 1925இல் இயேசு சபையினர் புல்லாக்கில் நிறுவி, 1971இல் நகருக்குள் கொண்டுவந்த மெய்யியல் உயர்கல்வி நிறுவனமும் அங்கே இயங்குகிறது.

அறக்கேள்வி இன்று இயந்திரங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கார்த் தொழிலின் தலைமையிடங்களுள் ஒன்றான மியூனிக்கில் அது முக்கியத்துவம் பெறுவது இயல்பே. தானியங்கி வாகனங்களுக்கான அறநெறிகளை வகுக்க ஜெர்மன் கூட்டாட்சி அரசு அமைத்த குழு, 2017 ஜூனில் 20 விதிகளை வெளியிட்டது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அறவியல் பேராசிரியர் கிறிஸ்டோஃப் லூட்கே அதில் உறுப்பினராக இருந்தார். பொருட்சேதத்தைவிட மனித உயிருக்கே முன்னுரிமை என்பது அவற்றுள் ஒன்று. தவிர்க்கவியலாத விபத்தில் வயது, பாலினம், உடல்நிலை ஆகியவற்றை வைத்து மனிதர்களைத் தரம்பிரிக்கக் கூடாது என்பது மற்றொன்று. மனிதரை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்னும் காண்டின் கருத்து, சாலையில் ஓடும் வாகனத்தின் நிரலுக்கான விதியாக இறங்கியிருப்பதை இங்கே காணலாம்.

சட்டமும் பாடத்திட்டமும் விதியும் தேவையானவை. அவை ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறைக்குக் காத்துத் தருகின்றன. ஆயினும் அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. வாகனத்துக்கு விதி எழுதலாம். அதை ஓட்டிச் செல்பவர், அடிபட்டவரைக் கண்டு நிற்பாரா என்பதை அந்த விதி தீர்மானிக்காது. தேர்வுக்காக அறவியல் படித்து முழு மதிப்பெண் பெறும் மாணவர், வகுப்பில் ஒருவர் சாதியாலோ நிறத்தாலோ இழிவுபடுத்தப்படும்போது வாய்திறப்பாரா என்பதும் அவ்வாறே.

முடிவுரை

மியூனிக்கின் சான்றுகளிலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மெய்யியலின் பயன் நெருக்கடி வந்தபின் தேடி எடுக்கத்தக்கதன்று. சிறு செயல்களில் நாள்தோறும் பழகியவருக்கே அது பெரிய தருணத்தில் கைகொடுக்கிறது. இரண்டாவது, அப்பழக்கத்துக்கு உடன் வாசிப்போரும் உடன் வாதிடுவோரும் வேண்டும். தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் தழைத்த வாசகசாலைகளுக்கு அத்தகைய இடமாக விளங்கும் தகுதி உண்டு. பட்டிமன்றம் தன் அணியை வெல்லவைக்கும் திறனை வளர்த்தது. தன் அணியே தவறென்று கண்டால் அதனை ஒப்புக்கொள்ளும் துணிவை வளர்க்கும் அரங்குகள் இனிப் பெருக வேண்டும். மூன்றாவது, எந்தக் கோட்பாட்டையும் பிறரை அளக்கும் கோலாக மட்டும் ஏந்துவோர் அதன் பயனை இழக்கின்றனர். கையூட்டுக் கேட்கும் அலுவலரைக் கண்டிப்பது எளிது. வரிசையை முந்துவதற்காக அதே அலுவலருக்குத் தாம் நீட்டிய பணத்தை எல்லாரும் நீட்டினால் என்ன ஆகும் என்று கேட்பது அரிது. அந்த அரிய கேள்வியைக் கேட்கும் வழக்கம் பள்ளியிலும் வீட்டிலும் அலுவலகத்திலும் நிலைபெறுமானால், மெய்யியலால் என்ன பயன் என்பதற்குத் தனியே விடை தேட வேண்டியிராது.